கட்டான் விளையாட வருகிறீர்களா? முதல் வீட்டை வைக்கும் முன் இதைப் படியுங்கள்

கட்டான் என்ற பலகை ஆட்டத்தின் பெட்டியை முதன்முதலாகத் திறக்கிறவர்கள் பலரும் டைல்களை, அதாவது தீவின் நிலத் துண்டுகளை, அடுக்குவதை ஏதோ பாய் விரிப்பது போன்ற முன்வேலையாக நினைத்து மடமடவென்று முடித்துவிடுகிறார்கள். பகடை கைக்கு வந்தபிறகுதான் ஆட்டம் ஆரம்பித்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நேரத்துக்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். தீவு மேசைமேல் உருவாகும்போதே அதை வாசிக்கத் தெரிந்து, முதல் இரண்டு வீடுகளை நல்ல மூலைகளில் வைத்துவிட்டால் அடுத்த ஒன்றரை மணி நேரம் நிம்மதியாக விளையாடலாம். வைக்கத் தவறியவர் மற்றவர்கள் பொருள் அட்டை வாங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நிலைமை யாருக்கும் வரவேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன், அதனால் இதில் பெரும்பகுதி அந்த முதல் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இருக்கும்.

ஆட்டத்தின் பின்னணி சுருக்கமாக. கிளவுஸ் டாய்பர் என்ற ஜெர்மானியர், செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்தவர், மாலை நேரங்களில் ஆட்டங்களை வடிவமைத்தார். வைக்கிங்குகள் ஐஸ்லாந்துக்குப் படகேறிப் போய்க் குடியேறிய கதைதான் அவருக்கு விதை. 1995-இல் ஆட்டம் வெளிவந்தது, அதே வருடம் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதையும் வாங்கியது. டாய்பர் 2023-இல் காலமானார். ஆட்டத்தின் கதை இவ்வளவுதான்: மூன்று அல்லது நான்கு குடும்பங்கள் ஒரு புதிய தீவில் இறங்குகின்றன, சாலை போடுகின்றன, வீடு கட்டுகின்றன, நகரமாக்குகின்றன, முதலில் 10 புள்ளி சேர்க்கிறவருக்கு வெற்றி.

தீவை அடுக்குதல்

முதலில் கடல் சட்டத்தின் ஆறு துண்டுகளைக் கோத்து ஒரு பெரிய அறுகோணம் ஆக்குங்கள். அதற்குள் 19 நில டைல்கள் போகும். காடு 4, புல்வெளி 4, கோதுமை வயல் 4, செம்மண் குன்று 3, மலை 3, பாலைவனம் 1. காடு மரம் தரும், புல்வெளி கம்பளி தரும் (மேசையில் எல்லோரும் 'ஆடு' என்றுதான் கேட்பார்கள்), வயல் கோதுமை, குன்று செங்கல், மலை தாது. பாலைவனம் ஒன்றும் தராது, அங்கேதான் கொள்ளையன் பொம்மை முதலில் நிற்கும். செங்கலும் தாதுவும் மற்றவற்றைவிட ஒரு டைல் குறைவு என்பதை இப்போதே மனதில் போட்டு வையுங்கள், பின்னால் நிறைய உதவும்.

விதிப் புத்தகத்தில் முதல்முறை ஆடுகிறவர்களுக்கென்று ஒரு தயார் வரைபடம் இருக்கிறது, வீடுகள்கூட எங்கே என்று அதிலேயே குறித்திருப்பார்கள். நான்கு பேருமே புதியவர்கள் என்றால் முதல் ஆட்டத்தை அப்படியே ஆடுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆட்டத்திலிருந்து டைல்களைக் கவிழ்த்துக் கலைத்து அடுக்குங்கள்.

அப்புறம் எண் வில்லைகள். மொத்தம் 18, பாலைவனத்தைத் தவிர ஒவ்வொரு டைலுக்கும் ஒன்று. வில்லையின் பின்பக்கத்தில் ஆங்கில எழுத்து இருக்கும். ஏதாவது ஒரு மூலை டைலில் முதல் எழுத்தை வைத்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கரையோரமாகச் சுற்றி, அப்படியே நத்தை ஓடு போல உள்ளே சுருண்டு நடுவில் முடியுங்கள், பாலைவனம் வந்தால் தாண்டிவிடுங்கள். சிலர் எண்களையும் கலைத்துப் போட விரும்புவார்கள். போடலாம், ஆனால் சிவப்பில் அச்சிட்ட 6, 8 இரண்டும் அருகருகே வரக்கூடாது. வந்தால் இடம் மாற்றிவிடுங்கள்.

பொட்டுகளை எண்ணுங்கள்

எல்லோரும் எண்ணைத்தான் பார்ப்பார்கள், அதற்குக் கீழே சின்னச் சின்னப் பொட்டுகள் இருப்பதைக் கவனிக்கமாட்டார்கள். அங்கேதான் எல்லாம் இருக்கிறது. இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம். அதில் 6 விழ ஐந்து வழி, 8 விழவும் ஐந்து வழி, அதனால் அவற்றுக்கு ஐந்து பொட்டு. 5-க்கும் 9-க்கும் நான்கு, 4-க்கும் 10-க்கும் மூன்று, 3-க்கும் 11-க்கும் இரண்டு, 2-க்கும் 12-க்கும் ஒன்றே ஒன்று. 7-க்கு வில்லையே கிடையாது, ஆனால் அதற்குத்தான் ஆறு வழி, பகடையில் அதிகம் விழுவது அதுதான்.

இந்த ஆட்டத்தில் வீட்டை டைலுக்குள் வைப்பதில்லை, டைல்கள் சந்திக்கும் மூலையில் வைக்கிறோம். தீவின் உள்ளே உள்ள ஒரு மூலை மூன்று டைல்களைத் தொடும். அந்த மூன்றின் பொட்டுகளைக் கூட்டினால் அந்த மூலையின் மதிப்பு கிடைத்துவிடும். 6, 5, 9 சந்திக்கும் மூலை என்றால் 5+4+4, அதாவது 13. சிவப்பு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இல்லாத பலகையில் இதற்கு மேல் கிடைக்காது. 10 பொட்டோ அதற்கு மேலோ இருந்தால் நல்ல மூலை, 8-க்குக் கீழே போனால் நன்றாக யோசியுங்கள். தீவில் மொத்தம் 54 மூலைகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் எண்ண வேண்டாம், சிவப்பு எண்களைச் சுற்றியுள்ள மூலைகளை மட்டும் எண்ணினால் போதும், ஒரு நிமிட வேலை.

இன்னொன்று, பொட்டு சமமாக இருந்தாலும் ஒரே எண் இரண்டு முறை வருகிற இடத்தைவிட வேறு வேறு எண்கள் உள்ள இடம் புதியவர்களுக்கு நல்லது. ஒரே எண்ணை நம்பினால் அது விழும்போது கை நிறையும், விழாதபோது பட்டினிதான். தாயத்தில் நாம் போடுவது நமக்கு மட்டும்தான், கட்டானில் யார் பகடை உருட்டினாலும் அந்த எண்ணைத் தொட்டிருக்கிற எல்லோருக்கும் பொருள் வரும், அதனால் வேறு வேறு எண்களில் கால் வைத்திருப்பவர் அடுத்தவர் முறையிலும் சம்பாதித்துக்கொண்டே இருப்பார்.

எதைக் கட்ட என்ன வேண்டும்

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். சாலைக்கு ஒரு செங்கல், ஒரு மரம். வீட்டுக்கு செங்கல், மரம், கம்பளி, கோதுமை ஒவ்வொன்று. வீட்டை நகரமாக்க மூன்று தாது, இரண்டு கோதுமை. டெவலப்மென்ட் கார்டு என்ற சிறப்பு அட்டைக்கு (இதைப் பற்றிப் பின்னால்) ஒரு தாது, ஒரு கம்பளி, ஒரு கோதுமை. வீடு ஒரு புள்ளி, நகரம் இரண்டு புள்ளி, வீடு ஒரு அட்டை வாங்கும் இடத்தில் நகரம் இரண்டு வாங்கும்.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பார்த்தால் இரண்டு பாதை தெரியும். மரமும் செங்கலும் வைத்திருப்பவர் சாலை போட்டுப் பரவுவார், தாதுவும் கோதுமையும் வைத்திருப்பவர் இருந்த இடத்திலேயே நகரமாக்கி வளர்வார். கோதுமை சாலையைத் தவிர எல்லாவற்றிலும் இருக்கிறது, அதனால் இரண்டு வீட்டில் ஒன்றாவது நல்ல எண்ணுள்ள வயலைத் தொட வேண்டும் என்பதை நான் கட்டாய விதியாகவே சொல்வேன். கம்பளி ஒன்றைத்தான் மற்றவர்களிடம் சுலபமாகக் கேட்டு வாங்கலாம்.

முதல் இரண்டு வீடு

முதல் வீட்டை ஒவ்வொருவரும் வரிசையாக வைப்பார்கள், இரண்டாவதைக் கடைசி ஆளிடமிருந்து திரும்பி வருகிற வரிசையில் வைப்பார்கள். நான்கு பேர் என்றால் 1, 2, 3, 4, பிறகு 4, 3, 2, 1. நான்காவதாக இருக்கிறவர் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதால் அவர் ஜோடியாகத் திட்டமிடலாம், இது பெரிய வசதி, நான்காவது இடம் வந்ததே என்று முகம் வாட வேண்டியதில்லை. எந்த வீட்டுக்கும் அடுத்த மூலையில் இன்னொரு வீடு வரக்கூடாது, இடையில் குறைந்தது ஒரு காலி மூலை வேண்டும். இந்த விதியால்தான் நல்ல இடங்கள் கண் முன்னே காணாமல் போகும், ஒருவர் ஒரு மூலையை எடுத்தால் அதைச் சுற்றியுள்ள மூன்றும் சேர்ந்து போய்விடும். அதனால் கைவசம் எப்போதும் இரண்டு மாற்று இடங்கள் இருக்கட்டும்.

நான் செய்கிற வரிசையைச் சொல்கிறேன். முதலில் எந்தப் பொருள் இந்தத் தீவில் அரிது என்று பார்ப்பேன். மூன்று செங்கல் டைல்களும் 3, 11, 12 என்று மோசமான எண்களில் மாட்டியிருந்தால் செங்கலை நம்பிப் பரவுகிற திட்டத்தை அங்கேயே கைவிட்டு, தாது கோதுமை பக்கம் போவேன். நேர்மாறாக ஒரே ஒரு செங்கல் டைல் 8-இல் இருந்து மற்ற இரண்டும் வறண்டிருந்தால் அந்த 8 பக்கத்தில் ஒரு மூலையை எப்படியாவது பிடிப்பேன், ஏனென்றால் மேசையில் எல்லோரும் அதற்காக என்னிடம்தான் வருவார்கள். முதல் வீட்டுக்குப் பொட்டு அதிகமுள்ள மூலை. இரண்டாவது வீட்டுக்குப் பொட்டைவிட முதலாவதில் இல்லாத பொருள்கள் முக்கியம், இரண்டும் சேர்ந்து ஐந்தில் நான்கு வகையாவது தொட வேண்டும். நான் ஆட ஆரம்பித்த காலத்தில் இரண்டு வீட்டையும் மலையும் வயலும் புல்வெளியுமாகப் பார்த்து வைத்துவிட்டு, மரமோ செங்கலோ ஒன்றுகூட வராமல் ஆட்டம் முழுக்க ஒரு சாலை போட முடியாமல் நின்றிருக்கிறேன். நகரம் இரண்டு ஆனது, அதற்கு மேல் போக வழியே இல்லை.

இரண்டாவதாக வைக்கும் வீட்டைச் சுற்றியுள்ள டைல்கள் டைலுக்கு ஒரு அட்டை உடனே கையில் தரும், அதையும் கணக்கில் சேருங்கள். மரம், செங்கல் வருகிற மாதிரி வைத்தால் முதல் முறையிலேயே சாலை போடலாம்.

வீட்டோடு சேர்த்து வைக்கும் தொடக்கச் சாலையின் திசை, இதைப் பலரும் கையில் வந்தபடி வைத்துவிடுகிறார்கள். அந்தச் சாலை அடுத்த வீடு வரப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே போக இன்னும் ஒரே ஒரு சாலை போதும், ஆக மொத்தம் இரண்டு செங்கல், இரண்டு மரம், ஒரு கம்பளி, ஒரு கோதுமையில் மூன்றாவது வீடு தயார். ஆனால் அந்த இடம் உங்கள் முறை வரும்வரை காலியாக இருக்குமா என்று பாருங்கள், நடுத்தீவைப் பார்த்துச் சாலை வைத்தால் நெரிசலில் அடைபடும், கரையோரத் துறைமுகத்தைப் பார்த்து வைத்தால் பெரும்பாலும் யாரும் போட்டிக்கு வருவதில்லை.

முறை எப்படிப் போகும்

பகடை உருட்டு, பொருள் வாங்கு, பேரம் பேசு, கட்டு, அடுத்தவரிடம் பகடையைக் கொடு. அவ்வளவுதான் ஒரு முறை.

7 விழுந்தால் மட்டும் வேறு. யாருக்கும் பொருள் கிடையாது, கையில் எட்டு அட்டையோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் பாதியைக் கொடுத்துவிட வேண்டும் (ஒன்பது இருந்தால் நான்கு), பிறகு உருட்டியவர் கொள்ளையனை வேறு டைலுக்கு நகர்த்தி, அந்த டைலைத் தொட்டிருக்கும் ஒருவரிடமிருந்து பார்க்காமல் ஒரு அட்டையை உருவலாம். கொள்ளையன் நிற்கும் டைல் எண் விழுந்தாலும் பொருள் தராது. அதனால் உங்கள் முறை முடியும்போது கையில் ஏழுக்கு மேல் இருந்தால், எதையாவது கட்டி, இல்லையென்றால் வங்கியில் மாற்றியாவது குறைத்துவிடுங்கள். உங்கள் அடுத்த முறைக்குள் மூன்று பேர் பகடை உருட்டப்போகிறார்கள், ஆறு முறைக்கு ஒருமுறை 7 விழும்.

கொள்ளையனை எங்கே நகர்த்துவது என்றால் முன்னணியில் இருப்பவரின் நல்ல எண்ணுக்கு. புதியவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு அதைப் பாலைவனத்தில் கொண்டுபோய் வைப்பதைப் பார்த்திருக்கிறேன், அது அன்பான செயல்தான், ஆனால் முன்னணியில் இருப்பவரை அப்படியே வெற்றிக்கு அனுப்பிவைப்பதும் அதுவே.

பேரம்

கட்டானை மற்ற ஆட்டங்களிலிருந்து பிரித்து வைப்பது இதுதான், எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததற்கும் இதுவே காரணம். யாருடைய முறையோ அவரோடு மட்டுமே மற்றவர்கள் பேரம் பேசலாம், மற்றவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளக் கூடாது. "யாரிடமாவது செங்கல் இருக்கிறதா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "ஒரு செங்கல் தந்தால் ஒரு ஆடு, ஒரு கோதுமை தருகிறேன்" என்று முழுதாகச் சொல்லுங்கள், பதில் உடனே வரும். கொடுக்கும்போது அவர் அதை வைத்து என்ன கட்டப்போகிறார் என்று ஒரு நொடி யோசியுங்கள். 8 புள்ளியில் இருப்பவருக்கு மூன்றாவது தாதுவைக் கொடுத்தால் அவர் நகரம் கட்டி 9-க்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல பேரமாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்வதுதான் சரி. ஆரம்பத்தில் மாறாக, தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். இருவருக்கும் லாபமான பேரத்தில் பின்தங்குவது மற்ற இருவரும்தான்.

யாரும் தராவிட்டால் வங்கி இருக்கிறது, ஒரே வகை நான்கு கொடுத்தால் வேண்டியது ஒன்று. தீவைச் சுற்றி ஒன்பது துறைமுகங்கள். நான்கில் எந்த வகையானாலும் மூன்றுக்கு ஒன்று, மற்ற ஐந்தில் குறிப்பிட்ட ஒரு வகைக்கு இரண்டுக்கு ஒன்று. இரண்டுக்கு ஒன்று துறைமுகம் அந்தப் பொருள் உங்களுக்கு மழையாகக் கொட்டினால்தான் பயன், ஆட்டுத் துறைமுகத்தைப் பிடித்துவிட்டு ஒரே ஒரு 4-ஆம் எண் புல்வெளியை வைத்திருப்பது வீண் செலவு.

10 புள்ளிக்குப் போகும் வழி

ஆட்டத் தொடக்கத்திலேயே இரண்டு வீட்டுக்கு 2 புள்ளி உங்களிடம் இருக்கிறது. ஐந்து சாலையாவது தொடர்ச்சியாக, மற்ற எல்லோரையும்விட நீளமாகப் போட்டவருக்கு 2 புள்ளி. கிளை பிரிந்தால் ஒரு கிளைதான் கணக்கில் வரும், எதிராளி நடுவில் காலியான மூலையில் வீடு கட்டினால் சாலை அங்கே அறுந்துவிடும். மூன்று வீரர் கார்டாவது (கொள்ளையனைத் துரத்தும் டெவலப்மென்ட் கார்டு) விளையாடி, மற்றவர்களைவிட அதிகம் வைத்திருப்பவருக்குப் பெரும்படை, அதற்கும் 2. மூன்று நகரம், இரண்டு வீடு, நீளச் சாலை என்றால் 10 ஆகிவிட்டது. மூன்று நகரம், ஒரு வீடு, பெரும்படை, ஒரு வெற்றிப் புள்ளி கார்டு என்றாலும் 10.

டெவலப்மென்ட் கார்டு மொத்தம் 25. அதில் 14 வீரர், 5 வெற்றிப் புள்ளி, மீதி மூன்று வகையும் இரண்டிரண்டு: இலவசமாக இரண்டு சாலை, வங்கியிலிருந்து வேண்டிய இரண்டு பொருள், ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் எல்லோர் கையிலும் இருப்பது முழுக்க உங்களுக்கு. வாங்கிய முறையிலேயே விளையாடக்கூடாது, ஒரு முறைக்கு ஒன்றுதான். வெற்றிப் புள்ளி கார்டை மட்டும் மறைத்தே வைத்திருந்து ஜெயிக்கும்போது காட்டலாம். வீரர் கார்டைப் பகடை உருட்டும் முன்பே விளையாட முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கொள்ளையன் உங்கள் 8-இல் உட்கார்ந்திருந்தால் முதலில் வீரரை இறக்கி அவனைத் துரத்துங்கள், பிறகு உருட்டுங்கள்.

பெட்டியில் ஆளுக்கு ஐந்து வீடு, நான்கு நகரம், பதினைந்து சாலைதான். ஐந்து வீட்டையும் வைத்துவிட்டால் ஒன்றை நகரமாக்கி வீட்டைத் திரும்ப எடுத்தபிறகுதான் அடுத்தது கட்ட முடியும், நடுவில் இதில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 10 எட்டுவது உங்கள் முறையில்தான் செல்லும்.

காலித் தீவு என்ற கதை

ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. கட்டான் தீவில் நாம் போய் இறங்கும்போது யாரும் இல்லை. ஐஸ்லாந்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை, 9-ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் போனபோது பழங்குடி மக்கள் என்று அங்கே எவரும் இல்லை. அவர்கள் வெட்டியது மனிதரை அல்ல, பிர்ச் மரக் காடுகளை, அந்த நிலம் இன்றுவரை அந்தக் காடுகளைத் திரும்பப் பெறவில்லை. ஆட்டத்திலோ காடு எத்தனை முறை வெட்டினாலும் தீராது. இதே ஆட்ட முறையை அமெரிக்க மேற்குப் பகுதிக்குக் கொண்டுபோன 'செட்டிலர்ஸ் ஆஃப் அமெரிக்கா' 2010-இல் வந்தது. அந்த நிலம் காலியாக இருந்ததே இல்லை, அங்கே பல நாடுகளாகப் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள், அவர்களைத் துரத்தித்தான் ரயில் பாதை போனது. குழந்தைகளோடு ஆடும்போது இதை இரண்டு நிமிடம் பேசுங்கள், ஆட்டம் கெடாது. இந்தக் கேள்வி உங்களை உறுத்தினால் 2017-இல் வந்த 'ஸ்பிரிட் ஐலண்ட்' என்ற ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள். அதில் நாம் தீவின் ஆவிகள், அங்கேயே வாழும் மக்களோடு சேர்ந்து வந்தேறிகளை விரட்ட வேண்டும். கட்டானைவிட மிகக் கடினம், ஐந்தாறு மாதம் பழகியபிறகு எடுங்கள்.

அடுத்து என்ன

நான்கைந்து ஆட்டம் ஆடி மூலைகள் கண்ணுக்குத் தானாகத் தெரிய ஆரம்பித்தபிறகு 'சீஃபேரர்ஸ்' விரிவாக்கத்துக்குப் போகலாம், அதை ஆட அடிப்படைப் பெட்டி கையில் இருக்க வேண்டும். சாலைக்குப் பதில் கடலில் கப்பல் போடுவீர்கள், ஒரு மரம், ஒரு கம்பளி. அதில் மூடுபனித் தீவுகள் என்ற ஆட்டத்தை முதலில் எடுங்கள் என்பேன். தீவின் ஒரு பகுதி டைல்கள் வெளியே கவிழ்ந்த அடுக்காக இருக்கும், உங்கள் கப்பல் அந்த வெற்றிடத்தின் ஓரத்தைத் தொட்டதும் மேலே உள்ள டைலை எடுத்து அங்கே வைப்பீர்கள். கடல் என்றால் ஒன்றுமில்லை. நிலம் என்றால் ஒரு எண் வில்லை அதன் மேல் வரும், அந்த நிலம் தருகிற பொருளில் ஒரு அட்டை கண்டுபிடித்ததற்காக உடனே உங்களுக்கு.